கத்திப் பிடிக்கான மரம் சிஎன்சியில் கருகுவது ஏன்?

கேட்டது: வீட்டில் கட்டிய சிஎன்சி (கணினி சொல்கிறபடி வெட்டும் இயந்திரம்). 6 மி.மீ. பிட் (சுழன்று வெட்டும் முனை), இரண்டு பல், 24,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), ஃபீட் (பிட் மரத்தில் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 600 மி.மீ. ஈட்டி மரத்தின் விளிம்பு கருகுகிறது.

ஃபீடைச் சுழற்சியாலும் பல்லின் எண்ணிக்கையாலும் வகுங்கள்: 600 ÷ (24,000 × 2) = 0.0125 மி.மீ. ஒரு பல் ஒரு சுற்றில் எடுப்பது இவ்வளவுதான். அது மரத்தைச் சீவவில்லை, உரசுகிறது. சூடு அங்கிருந்துதான் வருகிறது. பயந்துபோய் ஃபீடை இன்னும் குறைப்பவர்கள்தான் அதிகம். அப்போது கருகல் கூடும்.

சுழற்சியை 12,000-க்கு இறக்கி, ஃபீடை 1,200-க்கு ஏற்றுங்கள், 0.05 மி.மீ. கிடைக்கும். ஒரு தடவைக்கு 1.5 மி.மீ. ஆழம் போதும், வீட்டில் கட்டிய இயந்திரத்தின் சட்டகம் அதற்கு மேல் அதிரும். விழும் மரத்துகளை விரலில் தேய்த்துப் பாருங்கள்: மாவுபோல இருந்தால் இன்னும் உரசல், சிறு சீவலாக இருந்தால் சரி.

மூலையில் மட்டும் கருகினால், இயந்திரம் திரும்ப வேகம் குறைப்பதே காரணம். சுற்றிலும் 0.3 மி.மீ. விட்டு வெட்டி, கடைசியில் ஒரே சுற்றில் அதை எடுங்கள்.

பிடியைக் கத்தியோடு பிணைக்கும் உலோகப் பின்னுக்கான துளைகளை வெளிவடிவத்துக்கு முன்பே, பலகையைக் கழற்றாமல் போடுங்கள். 5 மி.மீ. பின்னுக்கு 5.1 மி.மீ. துளை, 3 மி.மீ. பிட்டைச் சுருளாக இறக்கி. பிடியின் இரண்டாவது பக்கத்துக்கு வரைபடத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறக்காதீர்கள். கத்தியின் எஃகைக் கடினப்படுத்துவதற்கு முன்பே அதில் துளையைப் போட்டுவிட வேண்டும். பிறகு சாதாரண டிரில் இறங்காது.

ஈட்டித் தூள் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். முகக்கவசம் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டாதீர்கள்.