ஊட்டவே விடமாட்டேன் என்கிறாள், இளைத்துவிடுவாளா?

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 2 மாதம். இதுவரை நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். ஒரு மாதமாகத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு "நானே" என்கிறாள். பாதிச் சாதம் தரையில்தான். செருப்பு மாட்ட, மாடிப்படி ஏற, எல்லாவற்றுக்கும் இதே பிடிவாதம். தடுத்தால் உருண்டு அழுகிறாள். பிள்ளை இளைத்துவிட்டாள் என்று மாமியார் வருத்தப்படுகிறார். ஈடுகட்ட மூன்று வேளையும் பாட்டில் நிறையப் பால் கொடுக்கிறேன். ஒரு வயதில் 8.4 கிலோ, இப்போது 10.9 கிலோ. பசிக்கு டானிக் தரலாமா?

குழந்தைநல மருத்துவரின் பதில்:

முதலில் எடையைப் பார்த்துவிடலாம், வீட்டில் எல்லோருக்கும் கவலை அதில்தானே. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டைப்படி இந்த வயதுப் பெண் குழந்தையின் சராசரி எடை சுமார் 12 கிலோ. சராசரிக்குக் கொஞ்சம் கீழே இருப்பதில் தவறே இல்லை. ஒரு வயதிலும் உங்கள் மகள் அப்படித்தான் இருந்திருக்கிறாள். அதே பாதையில் வளர்ந்து வருகிறாள். பிறந்த எடை முதல் வருடத்தில் மூன்று மடங்காகும். இரண்டாவது வருடத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். அதற்கேற்பப் பசியும் குறையும். கன்னத்துச் சதை வடிந்து கைகால் நீள்வதால் பார்ப்பவர்களுக்கு இளைத்த மாதிரி தெரியும். மாமியாரிடம் தடுப்பூசி அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைக் காட்டுங்கள், நிம்மதி அடைவார்.

அடுத்து, அந்த "நானே". இது நோயும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதான். வராமல் இருந்தால்தான் நான் யோசிப்பேன். ஆசை முந்திக்கொள்கிறது, விரல்களுக்கு இன்னும் அந்தத் திறமை வரவில்லை. அந்த இடைவெளியில்தான் அழுகையும் உருளலும். ஸ்பூன் வாய்க்குப் போவதற்குள் கவிழ்வதைக் கவனித்திருப்பீர்கள். மணிக்கட்டைத் திருப்பாமல் நேராகப் பிடிக்க இந்த வயதில்தான் பழகுகிறார்கள். சிந்திச் சிந்தித்தான் அது வரும். நீங்கள் ஸ்பூனை வாங்கி ஊட்டினால் வயிறு நிறையும், கை பழகாது.

அதனால் சாப்பாட்டை அவள் கைக்குத் தகுந்த மாதிரி மாற்றுங்கள். ரசம் சாதம் விரலில் நிற்காது. பருப்புச் சாதத்தை நெய் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாகத் தட்டில் வையுங்கள். இட்லித் துண்டு, வேகவைத்த கேரட், முள் எடுத்த மீன், முட்டை எல்லாம் எடுத்துச் சாப்பிட வசதி. தட்டுக்கு விளிம்பு உயரமாக இருக்கட்டும், கீழே ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள். கொஞ்சமாக வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம். செல்போனைக் காட்டி ஊட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வயிறு நிறைந்தது தெரியாமலே வாயைத் திறக்கப் பழகிவிடுவாள். சாப்பிடும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.

செருப்பை இடம் வலம் மாற்றித்தான் போடுவாள், விடுங்கள். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே செருப்பை எடுத்துக் கொடுத்தால் சண்டை பாதி குறையும். மாடிப்படியில் ஏறட்டும், நீங்கள் ஒரு படி கீழே நில்லுங்கள். அடுப்பு, சாலை, தண்ணீர்த் தொட்டி, இந்த மூன்றில் மட்டும் அவள் எவ்வளவு அழுதாலும் "கூடாது" என்றால் கூடாதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது அந்த மூன்று பாட்டில் பால். ஒரு நாளைக்கு மொத்தம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலே வயிற்றை அடைத்துக்கொண்டால் சாப்பாட்டில் கை வைக்கமாட்டாள். ரத்தசோகை வரும், மலச்சிக்கல் வரும், ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். சரியாகச் சாப்பிடவில்லை என்று பால் கொடுக்கிறீர்கள், பால் குடிப்பதாலேயே அவள் சாப்பிடாமல் இருக்கலாம். பாட்டிலையே நிறுத்திவிட்டுச் சின்ன டம்ளரில் பாதியளவு ஊற்றி அவள் கையில் கொடுங்கள். தானே குடிக்கும் ஆர்வத்தில் பாட்டிலைச் சீக்கிரம் மறந்துவிடுவாள். அப்புறம், பாலும் சாப்பாடும் அடுத்தடுத்து வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

குழந்தை வெளிறிப்போயிருந்தாலோ, மண், சுண்ணாம்பு தின்றாலோ, இரண்டு மூன்று மாதமாக எடை ஏறவே இல்லை என்றாலோ நேரில் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள். இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றாலும் தாமதிக்க வேண்டாம்.

பசியைத் தூண்டும் டானிக்கை நீங்களாகக் கடையில் வாங்கித் தராதீர்கள், சிலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து இருக்கிறது. குடற்புழு மாத்திரை கொடுத்து ஆறு மாதம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். அங்கன்வாடியில் வருடத்துக்கு இருமுறை இலவசமாகத் தருகிறார்கள். போகும்போது எடையும் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.