நியூ ஆர்லியன்ஸில் மூன்று இரவுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதல்முறையாக நியூ ஆர்லியன்ஸ் போகிறோம். மூன்று இரவுகள்தான் கையில் இருக்கின்றன. எந்த மாதம், எந்தக் கிழமைகள் சரியாக இருக்கும்? (டாலஸ் வாசகி)

வெள்ளி மதியம் போய் இறங்கி, திங்கள் மாலை கிளம்புங்கள். ஞாயிறு பிற்பகலில்தான் 'செகண்ட் லைன்' ஊர்வலங்கள் நடக்கும். கறுப்பின மக்களின் பரஸ்பர உதவிச் சங்கங்கள் வாரம் ஒன்றாக முறைவைத்து நடத்துகிற தெரு ஊர்வலம் அது. சங்கத்தார் ஒரே நிற உடையில் ஆடிக்கொண்டு முன்னே போவார்கள், பித்தளை வாத்தியக் குழு ஊதிக்கொண்டே தொடரும், அதன் பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்ந்து நடக்கலாம். கட்டணம் கிடையாது. பாதை வாராவாரம் மாறுவதால் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். (90.7 எஃப்.எம்.) வானொலியின் இணையதளத்தில் அந்த வார அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுதும் நடக்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் போதும். கோடை உச்சத்தில் மட்டும் ஊர்வலங்களுக்கு ஓய்வு.

திங்கட்கிழமை எதற்கு என்றால், சிவப்பு பீன்ஸும் சோறும் திங்களுக்கு உரிய சாப்பாடு. அந்தக் காலத்தில் திங்கள் துணி துவைக்கும் நாள். ஞாயிறு மிஞ்சிய பன்றி எலும்போடு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டால் அதுபாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். இன்றும் பல கடைகளில் அன்றைக்குத்தான் அது 'ஸ்பெஷல்'. ஆனால் பெரிய உணவகங்களில் பல திங்களன்று மூடியிருக்கும். அங்கே சாப்பிட ஆசை என்றால் சனிக்குள் முடித்துவிடுங்கள்.

மாதம் என்றால் அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் வரை, அல்லது மார்ச், ஏப்ரல். க்ராஃபிஷ் (சிங்கி இறாலைச் சிறிதாக்கியது போன்ற நன்னீர் உயிரி) நிறையக் கிடைப்பது வசந்தத்தில்தான். மார்டி கிரா எனும் கார்னிவல் திருவிழாவையும், ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்கும் ஜாஸ் ஃபெஸ்டையும் முதல் பயணத்தில் தவிர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. விடுதி வாடகை ஏறிக் கிடக்கும், ஊரின் அன்றாட முகமும் தெரியாது. திருவிழாக் கூட்டம்தான் வேண்டும் என்றால் ஏப்ரலில் வரும் ஃப்ரெஞ்ச் குவார்ட்டர் ஃபெஸ்டிவலுக்குப் போங்கள், அது இலவசம். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட், செப்டம்பரில் போவதானால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவு மட்டுமே செய்யுங்கள்.

எங்கே தங்குவது? கார் வேண்டுமா? (ஹூஸ்டன் வாசகர்)

கார் வேண்டாம். ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வந்தாலும், விடுதியில் நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள். அறையைப் பதிவு செய்யும்போதே ஒருநாள் பார்க்கிங் கட்டணத்தைக் கேளுங்கள். மலிவாகத் தெரிந்த அறை அங்கேதான் விலையேறுகிறது.

போர்பன் தெருவைப் பார்த்த அறை வேண்டாம், விடியும்வரை தூங்க விடாது. ஊரின் பழைய பகுதியான ஃப்ரெஞ்ச் குவார்ட்டரில் எஸ்பிளனேட் சாலைப் பக்கத்துத் தெருக்களோ, கனால் தெருவைத் தாண்டிய வணிகப் பகுதியோ தேவலை. 'தெருப் பக்கம் வேண்டாம், முற்றத்துப் பக்க அறை வேண்டும்' என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

ஊருக்குள் போக ஸ்ட்ரீட்கார் எனும் டிராம் வண்டி இருக்கிறது. ஒருமுறைக்கு 1.25 டாலர், நாள் முழுக்க 3 டாலர். பெட்டியில் போடும் பணத்துக்குச் சில்லறை திரும்ப வராது. 'லெ பாஸ்' செயலியில் சீட்டு வாங்குவது சுலபம். செயின்ட் சார்ல்ஸ் தடத்தில் ஓடும் பச்சை வண்டிகள் 1920களில் செய்தவை, ஏ.சி. கிடையாது. காலையில், கனால் தெரு முனையிலேயே ஏறினால் ஜன்னலோர இருக்கை கிடைக்கும். இடையில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டுதான் போகிறார்கள்.

வழி கேட்டால் கிழக்கு மேற்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மிசிசிப்பி அங்கே வளைந்து வளைந்து ஓடுவதால் திசைகள் குழம்பிவிடும்: சூரியன் உதிப்பதே 'வெஸ்ட் பேங்க்' (மேற்குக் கரை) பக்கம்! 'ஆற்றுப் பக்கம்', 'ஏரிப் பக்கம்', ஆற்றின் ஓட்டத்துக்கு எதிரே 'அப்டவுன்', ஓட்டத்தோடு 'டவுன்டவுன்'. இந்த நான்கும் போதும்.

நல்ல ஜாஸ் கேட்க எங்கே, எத்தனை மணிக்குப் போகவேண்டும்? (நியூ ஜெர்சி வாசகர்)

பலரும் செய்கிற தவறு, பகல் முழுக்க அலைந்து களைத்துப்போய் இரவு ஒன்பதுக்குப் படுக்கையில் விழுவது. இந்த ஊரில் திட்டத்தை இரவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். மதியம் ஒரு கனமான சாப்பாடு, பிறகு அறையில் இரண்டு மணி நேரத் தூக்கம், ஆறு மணிக்குமேல் இசை.

போர்பன் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள், போதும். அங்கே பெரும்பாலும் பழைய ராக் பாட்டுகளின் மறுபாட்டுதான். கேட்க வேண்டிய இடம் ஃப்ரெஞ்ச்மென் தெரு. ஜாக்சன் சதுக்கத்திலிருந்து டிகேட்டர் தெருவழியே கால் மணி நேர நடை. ஸ்பாட்டட் கேட், டி.பி.ஏ., ஸ்னக் ஹார்பர் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. ஸ்னக் ஹார்பரில் சீட்டு வாங்கி உட்கார்ந்து கேட்கலாம். மற்ற இடங்களில் சில, மாலைக் கச்சேரிக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. ஒரு செட்டுக்கு (இடைவேளை வரை வாசிக்கும் ஒரு சுற்றுக்கு) ஆளுக்கு ஒரு பானம் வாங்கினால் சரி. சோடா வாங்கினாலும் கணக்குதான், மதுதான் என்று கட்டாயமில்லை.

இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் காசு போட ஒரு வாளி சுற்றி வரும். கலைஞர்களின் வருமானத்தில் பெரும்பகுதி அதில் விழுவதுதான். ஒரு செட் முழுக்க நின்று கேட்டால் ஆளுக்கு 5 முதல் 10 டாலர் போடுவது மரியாதை. தெருவில் வாசிப்பவர்களைப் படம் எடுத்தாலும் அப்படியே. ஒற்றை டாலர், ஐந்து டாலர் தாள்களை முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் பீட்டர் தெருவில் 1961இல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹால் வேறு ரகம். சிறிய பழைய கூடம், மைக் இல்லாமல் மரபு ஜாஸ், ஒரு கச்சேரி சுமார் 45 நிமிடம். சீட்டை இணையத்தில் முன்பே வாங்குங்கள். விலை குறைந்த சீட்டில் பின்னால் நிற்கவேண்டி வரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இருக்கை உறுதியுள்ள சீட்டையே எடுக்கட்டும். வாசிக்கும்போது படமெடுக்க அனுமதி இல்லை.

எங்கள் மகளுக்குப் பதினான்கு வயது. அவளை அழைத்துப் போகமுடியுமா? (அட்லாண்டா வாசகி)

ஃப்ரெஞ்ச்மென் தெருவின் மதுக்கூடங்கள் பலவற்றில் 21 வயது நிரம்பாதவர்களை இரவில் விடமாட்டார்கள். பிரிசர்வேஷன் ஹாலில் எல்லா வயதினருக்கும் இடமுண்டு. ராயல் தெருவில் பகலில் வாசிப்பவர்கள், ஞாயிறு ஊர்வலம், எஸ்பிளனேட் முனையில் பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் உள்ள ஜாஸ் மியூசியம் எல்லாம் அவளுக்குச் சரிப்படும்.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டி வருமா? (சென்னை வாசகர்)

பட்டினி இல்லை, ஆனால் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். பெயரில் இறைச்சி இல்லாத பண்டங்களில்தான் அது ஒளிந்திருக்கும். சிவப்பு பீன்ஸில் பன்றி, கீரையில் டாஸோ எனும் புகையூட்டிய பன்றி, 'பச்சை கம்போ' எனும் கீரைக் குழம்பில்கூடப் பெரும்பாலும் இறைச்சி. கம்போவில் மாவை எண்ணெயில் சாக்லேட் நிறம் வரும்வரை கிளறி, வெங்காயம், செலரி, குடைமிளகாய் சேர்த்து, வெண்டைக்காயோ சாசஃப்ராஸ் மரத்தின் இலைப்பொடியோ போட்டுக் கெட்டியாக்குகிறார்கள். இதுவரை சைவம்தான், ஊற்றுகிற சாறுதான் கோழியோ இறால் ஓடோ. அதனால் 'இறைச்சி உண்டா' என்று மட்டும் கேட்டால் போதாது. கத்தோலிக்க நோன்பு ஊறிய ஊர், மீனும் இறாலும் இறைச்சிக் கணக்கில் சேராது. மீன், இறால், கோழிச் சாறு என்று தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். உருளைக்கிழங்கு வறுவல் வைத்த போ-பாய் சாண்ட்விச்சில் மாட்டிறைச்சிக் குழம்பு ஊற்றுவது வழக்கம். மாடு சாப்பிடாதவர்களும் கவனிக்கவேண்டிய இடம் இது.

நிம்மதியாகச் சாப்பிட, செதுக்கிய ஐஸில் பாகு ஊற்றும் ஸ்னோபால் இருக்கிறது. சூப்பிட்டூலாஸ் தெருவில் 1939 முதல் நடக்கும் ஹான்சன்ஸ் கடை பெயர்பெற்றது, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். பெக்கான் பருப்பும் சர்க்கரையும் சேர்த்த பிரலீன் இனிப்பும் உண்டு. 1862 முதல் இருக்கும் கஃபே டு மாண்டில் பென்யே எனும் பொரித்த மாவுப் பண்டம், தட்டுக்கு மூன்று, மேலே குவியலாகச் சர்க்கரைத் தூள். கறுப்பு உடையில் போகாதீர்கள், கடிக்கும்போது மூச்சை இழுக்காதீர்கள், புரையேறும். முட்டை தவிர்ப்பவர்கள் மாவைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பாலோடு வரும் சிக்கரிக் காபி நமக்குப் பழகிய ருசிதான்.

அசைவக்காரர்களுக்கு: கம்போவைக் 'கப்' அளவில், போ-பாயைப் பாதி அளவில் வாங்குங்கள். அப்போதுதான் ஒரே நாளில் இரண்டு மூன்று பண்டங்களை ருசி பார்க்க வயிற்றில் இடமிருக்கும். போ-பாய்க்கு 'ட்ரெஸ்ட்' என்று சொன்னால் லெட்யூஸ், தக்காளி, ஊறுகாய், மயோனைஸ் எல்லாம் வரும். இந்த ஊர்ச் சாப்பாட்டுக்குக் காரம் என்று பெயர், ஆனால் பெரும்பாலும் அவ்வளவு காரம் இருக்காது, மேசையில் மிளகாய்ச் சாஸ் இருக்கும்.

முன்பதிவு, உடை, டிப்ஸ்? (லண்டன் வாசகர்)

ஒரே ஒரு பெரிய உணவகம் போதும், அதையும் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1905இல் தொடங்கிய கலட்வார்ஸில் மாலை ஐந்துக்குமேலும் ஞாயிறு முழுதும் ஆண்களுக்குக் கோட்டு கட்டாயம். கமாண்டர்ஸ் பேலஸில் அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள். பில்லில் வரி ஏறக்குறைய பத்து சதவீதம், அதற்குமேல் டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். ஆறு பேருக்குமேல் போனால் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்திருக்கலாம், பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இரவில் பயமில்லாமல் நடக்கலாமா? (சிங்கப்பூர் வாசகி)

கூட்டமுள்ள தெருவில் நடக்கலாம். நள்ளிரவுக்குப் பின் ஃப்ரெஞ்ச்மென் தெருவிலிருந்து விடுதிக்கு வண்டி பிடியுங்கள், வெறிச்சோடிய குறுக்குத் தெரு வேண்டாம். 'உங்கள் ஷூவை எங்கே வாங்கினீர்கள் என்று சொல்கிறேன், பந்தயமா?' என்று ஒருவர் வழிமறிப்பார். விடை ஒரு சொல் விளையாட்டுதான், பிறகு பணம் கேட்டு நிற்பார். பதில் பேசாமல் நடையைக் கட்டுங்கள். அவரைவிட ஆபத்தானது நடைபாதை: ஓக் மரத்தின் வேர்கள் கல்லைத் தூக்கி விட்டிருக்கும். குதிகால் செருப்பு வேண்டாம், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கவும் வேண்டாம்.