பனியுகம் முடிந்ததா இல்லையா: கட்டுரையை நம்பலாமா?

பனியுகம் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இரண்டு வரிகளைக் காட்டி, அதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள், அண்ணாச்சி. இரண்டு வரியுமே சரிதான். "பனியுகம் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது" என்று மேலேயும், "நாம் இன்னும் பனியுகத்தில்தான் இருக்கிறோம்" என்று கீழேயும் போட்டிருப்பதற்காக மட்டும் அந்த விக்கிப்பீடியா கட்டுரையை ஒதுக்க வேண்டாம்.

குழப்பத்துக்குக் காரணம் சொல் பயன்பாடுதான். சுமார் 25.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய நீண்ட பனியுகம் ஒன்று. அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் பனிப்படலம் இருக்கும்வரை அது முடிந்ததாகக் கணக்கில்லை. அதற்குள் வந்துபோகும் கடுங்குளிர்க் கட்டங்கள் வேறு. 11,700 என்பது அவற்றில் கடைசிக் கட்டம் முடிந்த கணக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிடுகிறார்கள்.

மகளின் பள்ளிக் கட்டுரையில் சேர்க்குமுன், எண் வரும் வரிகளின் அடிக்குறிப்பைத் திறந்து மூலத்திலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள். 2.58 மில்லியன் தமிழுக்கு வரும்போது 2.58 கோடி ஆகிவிட வாய்ப்புண்டு. அப்புறம், கட்டுரையில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று காட்டும் ‘வரலாறு’ பக்கத்தில் அந்த வரி எப்போது நுழைந்தது என்றும் பாருங்கள்.

ஆனால் அடிக்குறிப்பு இருப்பதாலேயே வரி சரியாகிவிடாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது உண்மை. நம்ம உவரிக் கரைகூட இன்னும் தள்ளித்தான் இருந்திருக்கும். அதோடு சேர்த்து, அறிவியல் ஆதாரமில்லாத குமரிக்கண்டத்தையும் ஒட்டவைத்திருந்தால், அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.