வாசகர் கேள்வி–பதில்: மலையில் வளையாத பந்து

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பேஸ்பாலில் பிட்சர் (பந்து வீசுபவன்). மதுரையில் ஆடும்போது நன்றாக வளையும் அவனது கர்வ் பந்து, இங்கே வளைவதே இல்லை. மணிக்கட்டை இன்னும் முறுக்கி வீசிப் பார்க்கிறான். இப்போது முழங்கையின் உள்பக்கம் வலி. ‘டாமி ஜான் ஆபரேஷன்’ செய்தால் கை முன்பைவிட வேகமாகிவிடும் என்கிறார்கள் அவன் நண்பர்கள். யார் அவர்?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: முதலில் வீசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வயதில் முழங்கை எலும்பின் வளர்தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) இன்னும் முழுதாக மூடியிருக்காது. வலியோடு வீசினால் அந்த இடமே விரிசல் விடக்கூடும். எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் பந்தைத் தொட வேண்டாம்.

டாமி ஜான் இடக்கைப் பிட்சர். 1974-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் ஆடியபோது முழங்கையின் உள்பக்கத் தசைநார் அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலக்கையிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து அங்கே பொருத்தினார். 1975 முழுக்க ஆட்டமில்லை. 1976-இல் திரும்பி வந்து, 46 வயதில், 1989-இல்தான் விடைபெற்றார். மொத்தம் 288 வெற்றிகள். அதில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. அந்த ஆபரேஷன் அறுந்ததைச் சரிசெய்யும் வைத்தியம், வேகம் கூட்டும் வைத்தியம் அல்ல. ஓராண்டுக்கு மேல் பொறுமையாகப் பயிற்சி செய்துதான் அவர் மீண்டார். நண்பர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பந்து வளையாததற்கு உங்கள் மகன் காரணமே இல்லை. சுழலும் பந்தை வளைப்பது காற்று. கொடைக்கானல் இருக்கும் 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி மதுரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வளைவும் அந்த அளவுக்குக் குறையும். எவ்வளவு முறுக்கினாலும் காற்றின் அடர்த்தி கூடிவிடாது, முழங்கைதான் தேயும். கை குணமானபின் மலையில் ஆடும் நாட்களுக்கு சேஞ்ச்-அப் பழகட்டும். பந்தை உள்ளங்கையில் ஆழமாகப் பிடித்து, வேகப்பந்துக்கு வீசுவதுபோலவே கையை முழு வேகத்தில் வீச வேண்டும். பந்து மெதுவாகப் போகும், அடிப்பவர் முன்கூட்டியே மட்டையை வீசிவிடுவார். இதற்கு வளைவு வேண்டியதில்லை.

கணக்கும் வையுங்கள். 15–16 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சம். 31 முதல் 45 வரை வீசினால் ஒரு நாள் ஓய்வு. 46–60 என்றால் இரண்டு, 61–75 என்றால் மூன்று, 76 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு நாள்.

கேள்வி: பனியிலும் மழையிலும் ஊறிய பந்தை அடுப்போரம் காயவைக்கலாமா?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: கூடாது. தோல் விறைத்து, தையல் இழுத்துக்கொள்ளும். உள்ளே சுற்றியிருப்பது கம்பளி நூல். அது நீரைக் குடித்துவிடும். துணியால் ஒற்றி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு எடைபோடுங்கள்: 142 முதல் 149 கிராமுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பிட்சரிடம் கொடுக்காதீர்கள். மட்டைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.