கொள்கலன் முழுவதும் ஒரே பொதியா?

கப்பலில் கொள்கலனில் வந்த 40 பெட்டி துணி நனைந்தும், ஒரு பொதிக்கான இழப்பீட்டுத் தொகைதான் தருவோம் என்று கப்பல் முகவர் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச ஹேக்-விஸ்பி விதிகளில் இழப்பீட்டின் உச்சவரம்பு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அல்லது சேதமான சரக்கின் மொத்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர். இரண்டில் எது அதிகமோ அதுதான்.

பில் ஒஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பத்திரம்) பொதி எண்ணிக்கைப் பகுதியைப் பாருங்கள். "1 கொள்கலன்" என்று மட்டும் இருந்தால் முகவர் பிடித்துக்கொண்டது அதைத்தான். "1 கொள்கலனில் 40 பெட்டிகள்" என்றிருந்தால் 40 பொதி. முதல் வகையாக இருந்தாலும் எடைக் கணக்கு கைகொடுக்கும்: நனைந்தது 4,000 கிலோ என்றால் 8,000 எஸ்.டி.ஆர். வரை கேட்கலாம். இது உச்சவரம்புதான், உண்மை நட்டத்துக்கு மேல் கிடைக்காது.

சரக்கைப் புறக்கோட்டைக் கடைக்கு ஏற்றிவிட்டீர்களா? வெளியே தெரியாத சேதமென்றால் பொறுப்பேற்ற 3 நாட்களுக்குள் எழுத்தில் அறிவியுங்கள். நாள் தாண்டினாலும் உரிமை போகாது, நிரூபிப்பதுதான் கடினம். ஆகவே பெட்டிகளை வீசாமல், சேதத்தைப் பரிசோதிக்கும் சர்வேயரை அழையுங்கள். கடல்நீரா மழைநீரா என்பதை சில்வர் நைட்ரேட் சோதனை காட்டிவிடும்.

அப்புறம், பில் ஒஃப் லேடிங்கின் பின்பக்கச் சிறிய எழுத்தில் எந்தச் சட்டம் என்று பாருங்கள். அமெரிக்கச் சட்டமென்றால் பொதிக்கு 500 டொலர்தான். வழக்குப் போட ஓராண்டுதான் அவகாசம். பேச்சுவார்த்தையிலேயே அதைக் கழித்துவிடாதீர்கள்.