முதல் டிவிஷனுக்கு ஏறியாச்சு, டீமை மாற்றணுமா?

கேள்வி: எங்கள் ஊர் கால்பந்து கிளப் மாவட்ட லீக்கில் முதன்முறையாக முதல் டிவிஷனுக்கு ஏறியிருக்கிறது. எல்லாரும் உள்ளூர்ப் பையன்கள். சிலர் கடலுக்குப் போகிறவர்கள், சிலர் கல்லூரியில் படிக்கிறவர்கள். "இதே டீமோடு போனால் மானம் போய்விடும். வெளியூரிலிருந்து ஆறேழு பேரைக் காசு கொடுத்து இறக்குவோம், கோச்சையும் மாற்றுவோம்" என்கிறது கமிட்டியில் பாதி. கோச் எங்கள் ஊர்க்காரர்தான், பல வருடமாகச் சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுக்கிறார். செயலாளர் என்ற முறையில் நான் என்ன செய்வது?
- ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: முதலில் வாழ்த்துகள் சார். கமிட்டியின் பயம் நியாயமானதுதான். ஆனால் அவர்கள் சொல்லும் மருந்து சரியில்லை.

ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்று ஒரு ஊர். மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம், ஸ்டேடியத்தில் 15 ஆயிரம் பேருக்குத்தான் இடம். 2023 மே மாதம், சீசனின் கடைசி மேட்சில், 90 நிமிடம் முடிந்தபோது 2-1 என்று பின்தங்கியிருந்த அந்த டீம், கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்டு வரலாற்றில் முதன்முறையாக ஜெர்மனியின் முதல் டிவிஷனான பன்டஸ்லிகாவுக்குள் நுழைந்தது. கோச் ஃபிராங்க் ஷ்மிட் அதே ஊரில் பிறந்தவர். 2007இல் கிளப் நான்காவது டிவிஷனில் இருந்தபோது, இரண்டு மேட்சுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உட்கார வைக்கப்பட்டவர். மேலே வந்ததும் "இனி பெரிய பெயர் வேண்டும்" என்று யாரும் அவரை அனுப்பவில்லை.

டீமையும் கலைக்கவில்லை. கீப்பர் கெவின் முல்லர் 2015 முதல் அங்கே இருந்தவர், கேப்டன் பாட்ரிக் மைன்கா 2018 முதல். புதிதாகச் சிலரை எடுத்தார்கள். அதில் எரென் டிங்க்ச்சி ப்ரேமன் கிளப்பிலிருந்து இரவலாக வந்த பையன், அந்த சீசனில் 10 கோல் போட்டான். ஆக, வெளியாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் எடுங்கள்.

ஆரம்பம் ஒன்றும் ஜோராக இல்லை. முதல் இரண்டு மேட்சும் தோல்வி. உங்கள் கமிட்டியாக இருந்திருந்தால் அன்று ராத்திரியே அவசரக் கூட்டம் போட்டிருப்பார்கள்! மூன்றாவது மேட்சில் பெரிய கிளப்பான டார்ட்மண்டின் ஊரிலேயே 0-2 என்று இருந்து 2-2 ஆக்கினார்கள். நான்காவதில்தான் முதல் வெற்றி. கடைசியில் 10 வெற்றி, 12 டிரா, 12 தோல்வி, 42 பாயிண்ட், எட்டாவது இடம். அந்த 12 டிராவைக் கவனியுங்கள். கீழ் டிவிஷனில் ஜெயித்துப் பழகிய பையன்களுக்கு டிரா என்றால் தோற்ற மாதிரி இருக்கும். மேலே போனால் ஒவ்வொரு டிராவும் சம்பாத்தியம். பெஸ்டே என்ற வீரர் அடித்த கார்னரும் ஃப்ரீ கிக்கும் அவர்களுக்கு நிறைய கோல் தந்தன. இதற்குக் காசு தேவையில்லை, சாயங்காலம் கூடுதலாக அரை மணி நேரம் பயிற்சி இருந்தால் போதும்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு 34 மேட்ச். மாவட்ட லீக்கில் அவ்வளவு கிடையாது, தொடக்கத்தில் சறுக்கினால் மீள நேரம் குறைவு. அதனால் உங்களைப் போலவே கீழே இருந்து தப்பிக்கப் பார்க்கும் நான்கைந்து டீம்கள் யார் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பெரிய டீமிடம் நாலு கோல் வாங்கினாலும் பரவாயில்லை, இவர்களிடம் பாயிண்ட் விடக்கூடாது.

நம்ம பக்கத்திலும் உதாரணம் உண்டு. சென்னை சிட்டி எஃப்சி 2016-17இல் தேசிய அளவிலான ஐ-லீக்கில் நுழைந்து எட்டாவது, அடுத்த வருடமும் எட்டாவது. 2018-19இல் ஈஸ்ட் பெங்காலை ஒரே பாயிண்டில் முந்திச் சாம்பியன். வெளிநாட்டு வீரர்கள் முக்கியக் காரணம்தான், 21 கோல் போட்ட பெட்ரோ மான்ஸியை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் எட்டாவது இடம் என்று மனம் உடைந்து கடையை மூடியிருந்தால் அந்த மூன்றாம் வருடமே வந்திருக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வெளியூர் ஆட்கள் அதிகபட்சம் இரண்டு பேர். ஸ்டாப்பர் ஒருவர், கோல் போடத் தெரிந்த ஃபார்வர்டு ஒருவர் என்பது என் கணிப்பு. எங்கே ஆள் தேவை என்பதைக் கோச் சொல்லட்டும், கமிட்டி சொல்ல வேண்டாம். பணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே பையன்களிடம் ஒளிக்காமல் பேசிவிடுங்கள். வெளியூர்க்காரனுக்கு மேட்சுக்குக் காசு, உள்ளூர்ப் பையனுக்குப் பரோட்டாவும் டீயும் மட்டும் என்றால் அந்த டீம் பாதி சீசன்கூடத் தாங்காது. கடலுக்குப் போகிறவர்களுக்கு மேட்ச் அன்று இழக்கும் கூலியையாவது கொடுங்கள்.

கோச்சை மாற்றாதீர்கள். அவரிடம் லைசென்ஸ் இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால், அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் பயிற்சிக்கு கிளப் செலவில் அனுப்புங்கள்.

அப்புறம், இரண்டாம் வருடம். ஹைடன்ஹைமில் முதல் சீசன் முடிந்ததுமே ஃபார்வர்டு கிளைன்டீன்ஸ்ட், பெஸ்டே, டிங்க்ச்சி மூவரும் வேறு கிளப்புகளுக்குப் போய்விட்டார்கள். அடுத்த சீசனில் 18 டீமில் 16ஆவது இடம், கீழே இறங்காமலிருக்க ஆடும் பிளே-ஆஃபில்தான் தப்பித்தார்கள். உங்கள் பையன்கள் நன்றாக ஆடினால் சென்னைக்கோ கேரளாவுக்கோ கூப்பிட ஆள் வரும். அதைத் தடுக்காதீர்கள், தடுக்கவும் முடியாது. வெளியூர் ஆட்களுக்கு என்று கமிட்டி ஒதுக்கும் பணத்தில் பாதியை அண்டர்-17 டீமுக்கு இந்த வருடமே எடுத்து வையுங்கள்.