எம்பி3 ஆக்கியதும் இசைக்கு அடியிலுள்ள குரல் காணாமல் போனால்

கேட்பவருக்குத் தெரியாமல் மனதில் பதிய இசைக்கு அடியில் குரல் செய்தியை மறைத்து வைக்கும் 'சப்ளிமினல்' ஆடியோ செய்தீர்கள், எம்பி3 ஆக்கியதும் குரல் காணோம் என்கிறீர்கள். குரலைத் தின்றது பெரும்பாலும் எம்பி3தான், உங்கள் மிக்ஸிங் அல்ல. குரலை இசையைவிட 30 டெசிபல் கீழே வைத்திருக்கிறீர்கள். காதுக்கு எட்டாததைக் கழித்துவிடுவதுதானே அந்த வடிவத்தின் வேலையே! ஒலியில் எதையும் கழிக்காத வேவ் (WAV) அல்லது ஃபிளாக் (FLAC) வடிவில் சேமியுங்கள்.

சந்தேகமிருந்தால், எம்பி3ஐ ஆடாசிட்டி (Audacity) என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து, குரலில்லாத இசையை அதே ஒலியளவில் இன்வர்ட் செய்து, அதாவது அலையைத் தலைகீழாக்கி, சேர்த்து ஓட்டுங்கள்; இரண்டிலும் உள்ள இசை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எம்பி3 தொடக்கத்தில் சில பத்து மில்லிசெகண்ட் வெற்றிடம் இருக்கலாம், அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்துப் பொருத்துங்கள். வெறும் இரைச்சல் மிஞ்சினால் குரல் போய்விட்டது.

அப்புறம், குரல் இருந்தாலே பலன் வராது. 1991இல் வெளியான கிரீன்வால்ட் குழுவின் ஆய்வில் நினைவாற்றலையும் தன்மதிப்பையும் வளர்ப்பதாகச் சொன்ன சப்ளிமினல் டேப்களின் லேபிளைச் சிலருக்கு மாற்றி ஒட்டினார்கள். பலர் லேபிளில் இருந்ததே மேம்பட்டதாக நம்பினார்கள். உள்ளிருந்த செய்திக்கான பலன் அளவீட்டில் தெரியவில்லை. உங்கள் ஆடியோவைப் பிறருக்குச் சோதனைக்குக் கொடுக்கும்போது வெறும் இசைக் கோப்பையும் கலந்து கொடுங்கள், எது எதுவென்று உங்களுக்கும் தெரியாதபடி.